தலையில் அடிபட்டவருக்குப் போடும் டிரானெக்ஸாமிக் ஊசி: உறவினர்கள் கேட்கும் கேள்விகள்

பினாங்கில் தாதியாக இருக்கிறேன். மோட்டாரிலிருந்து விழுந்த பையன், குளியலறையில் வழுக்கிய தாத்தா, சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளி என்று யார் உள்ளே போனாலும், அவசரப் பிரிவின் வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பம் இந்த ஊசியைப் பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'மூளையைக் காக்கும் அதிசய ஊசி' செய்திக்குப் பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். உங்கள் ஆளுக்கு என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்வார்.

மிஸ்ஸி, ரத்தம் நிக்கிறதுக்கு ஊசி போட்டிருக்கோம்னு டாக்டர் சொன்னாரு. அது என்ன ஊசி?

டிரானெக்ஸாமிக் அமிலம். நாங்கள் சுருக்கமாக டிஎக்ஸ்ஏ என்போம். டிரான்ஸமின் என்ற பிராண்டு பெயரும் பலருக்குத் தெரியும். தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத மருந்து. ஐந்து மில்லி கண்ணாடிக் குப்பி ஒன்றில் 500 மில்லிகிராம் இருக்கும். இரண்டு குப்பியை உடைத்து 100 மில்லி சலைனில் கலந்து பத்து நிமிடத்தில் ஏற்றுவது வழக்கம். அது முதல் கிராம். அடுத்த கிராம் பம்ப் வழியாக எட்டு மணி நேரம் இறங்கும். கட்டில் பக்கத்தில் ஓடும் அந்தப் பெட்டியைக் காட்டி "இன்னும் முடியலையா, கொஞ்சம் வேகமா விடுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும், அதனால்தான் நிதானம்.

புது மருந்தும் இல்லை, விலை அதிகமும் இல்லை. ஜப்பானில் ஒகமோட்டோ என்ற மருத்துவத் தம்பதி 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. பிரசவத்தில் ரத்தம் போய்ப் பெண்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் உதாக்கோ ஒகமோட்டோ அம்மையாரின் எண்ணம். பல் பிடுங்கிய பிறகும், மாதவிடாயில் அதிக ரத்தம் போனாலும் இதைக் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

அப்போ இது மூளையைச் சரி பண்ற மருந்தா?

இல்லை. அடிபட்ட நொடியில் மூளைக்கு ஆன சேதத்தை இந்த ஊசி தொடவே தொடாது. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் இது குறிவைக்கிறது. மண்டைக்குள் கிழிந்த சிறு நாளங்கள் உடனே நின்றுவிடுவதில்லை. முதல் சில மணி நேரம் கசிந்துகொண்டே இருக்கும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது, ஆகவே கசிகிற ஒவ்வொரு சொட்டும் மூளையை நசுக்கும். முதல் ஸ்கேனில் சிறிதாகத் தெரிந்த ரத்தக் கட்டி ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ஸ்கேனில் பெரிதாக இருப்பது இதனால்தான். கட்டி மேலும் வளராமல் பார்ப்பதுதான் ஊசியின் வேலை.

உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கிறதுதானே ஆபத்து? அதைக் கரைக்காம, கரையவிடாத மருந்தைக் கொடுக்கறீங்களே?

நியாயமான கேள்வி. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் குழப்பம். நாளத்தில் ஓட்டை விழுந்தால், ஃபைப்ரின் என்ற இழைகள் வலை பின்னி அந்த ஓட்டையை அடைக்கும். அது நல்ல உறைவு. உடம்பிலேயே அந்த வலையை அறுக்கும் பிளாஸ்மின் என்ற பொருளும் உண்டு. தேவை முடிந்த உறைவை அகற்றத்தான் அது இருக்கிறது. ஆனால் தலையில் பலத்த அடி பட்டால் அடைப்பு போட்டு முடிக்கும் முன்னே பிளாஸ்மின் அளவுக்கு மீறிக் கிளம்பிவிடுகிறது. கசியும் பைப்பில் ஒருவர் டேப் சுற்றச் சுற்ற இன்னொருவர் பின்னாலிருந்து உரித்துக்கொண்டே வருவது மாதிரி.

டிரானெக்ஸாமிக் அந்த உரிக்கும் கையைப் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்மினாக மாறும் பிளாஸ்மினோஜென் போய் ஃபைப்ரினில் ஒட்டும் இடத்தில் இது முன்கூட்டியே உட்கார்ந்துவிடும். புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை, உறைந்ததைக் காப்பாற்றுகிறது. நீங்கள் பயப்படுகிற கட்டி என்பது நாளத்துக்கு வெளியே வந்து தேங்கிவிட்ட ரத்தம். பெரிதாக இருந்தால் அதை மூளை அறுவை மருத்துவர் திறந்து எடுப்பார், ஊசியால் கரைக்கும் பேச்சு அங்கே இல்லை. மாரடைப்புக்கும் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கும் கொடுக்கும் 'கட்டி கரைக்கும் ஊசி'யோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேலை நேர் எதிர். அதைத் தலையில் அடிபட்டவருக்குக் கொடுத்தால் ஆளே போய்விடுவார்.

மூணு மணி நேரத்துக்குள்ள போடணும்னு சொல்றாங்களே, எப்போலிருந்து கணக்கு?

விழுந்த நிமிடத்திலிருந்து. ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, மயக்கம் வந்த நேரத்திலிருந்தும் அல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்குக் கிளம்பிய ஒருவர் ஏழேகாலுக்கு விழுகிறார் என்று வைப்போம். பக்கத்துக் கிளினிக்கில் நெற்றியில் தையல் போட்டு வீட்டுக்குப் போகிறார். சாப்பிட்டுப் படுத்தவர் ஒன்பதரைக்கு வாந்தி எடுக்கிறார். "விடிஞ்சதும் பாக்கலாம்" என்று ஒருவர், "இப்பவே போகணும்" என்று இன்னொருவர். பேசி முடித்து வந்து சேர பத்தரை ஆகிவிட்டால், ஊசிக்கான கதவு மூடிவிட்டது.

மூன்று மணி நேரம் வரைதான் அனுமதி என்பதைக் கேட்டுவிட்டு "இன்னும் நேரம் இருக்கு" என்று நினைப்பதுதான் எனக்கு எரிச்சல். 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, ரத்தப்போக்கில் ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் 10 விழுக்காடு குறைகிறது. மூன்று மணி தாண்டினால் பலனே இல்லை. உடம்பில் பலத்த காயம் பட்டவர்களிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வில் மூன்று மணிக்குப் பிறகு கொடுக்கப்பட்டவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் கூடவே செய்தார்கள். அதனால் நேரம் கடந்தபின் "பரவாயில்லை, போட்டுப் பாருங்க" என்று கெஞ்சினாலும் மருத்துவர் மறுப்பார். மறுப்பதுதான் சரி.

ஆகவே வாசலில் நாங்கள் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு விழுந்தார்?" என்றுதான். "சாயங்காலம்" என்று சொல்லாதீர்கள். போன் கால் பதிவைப் பார்த்தாவது ஒரு மணியைச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே உயிரைக் காப்பாத்துமா, இல்ல சும்மா சொல்றாங்களா?

காப்பாற்றும், ஆனால் எல்லோரையும் அல்ல, வாட்ஸ்அப் சொல்லும் அளவுக்கும் அல்ல. 2019இல் வெளிவந்த கிராஷ்-3 ஆய்வு தலைக்காயத்துக்கென்றே நடந்தது. 29 நாடுகள், 12,737 பேர். மலேசிய மருத்துவமனைகளும் அதில் இருந்தன. மூன்று மணி நேரத்துக்குள் சேர்ந்தவர்களில் தலைக்காயத்தால் இறந்தவர்கள், ஊசி போட்ட தரப்பில் 18.5 விழுக்காடு, வெறும் சலைன் போன தரப்பில் 19.8. இந்த வித்தியாசம் சிறிது, தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. லேசான, நடுத்தரக் காயம் உள்ளவர்களில் இறப்பு 7.5 விழுக்காட்டிலிருந்து 5.8க்கு இறங்கியது. மிக மோசமான காயத்தில் வித்தியாசமே இல்லை. வரும்போதே இரண்டு கண்மணியும் வெளிச்சத்துக்கு அசையாதவருக்கு, சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. காப்பாற்ற வேண்டிய மூளை மிச்சமிருக்கும்போது போடவேண்டிய ஊசி இது.

லேசு, நடுத்தரம், மோசம்னு எப்படிப் பிரிக்கிறாங்க? ரத்தத்தைப் பாத்தா?

வெளியே கொட்டும் ரத்தத்தைப் பார்த்து இல்லை. நெற்றித் தோல் கிழிந்தால் சட்டை முழுக்க நனையும், ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு சொட்டுக்கூட வெளியே வராதவர் உள்ளே மோசமாக இருக்கலாம். கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒன்று 1974 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. எதுவுமே இல்லாதவருக்கும் 3 உண்டு. 13 முதல் 15 லேசு, 9 முதல் 12 நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் மோசம்.

இங்கே ஒரு சங்கடம். தமிழில் மட்டும் பேசும் பாட்டியிடம் மலாயில் கேட்டுவிட்டு "குழம்பிப் பேசுகிறார்" என்று எழுதினால் புள்ளி தப்பாகும். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்த மொழி வரும், காது கேட்குமா, முன்பே மறதி உண்டா என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் எடுக்காமலே ஊசியைப் போட்டுட்டாங்க, எங்களையும் கேக்கல. இது சரியா?

சரிதான். மேலே சொன்ன மணிக்கணக்குதான் காரணம். சிடி ஸ்கேனுக்கு வரிசை இருக்கும், சின்ன மருத்துவமனையாக இருந்தால் வேறு இடத்துக்கு ஆம்புலன்சில் அனுப்ப வேண்டியிருக்கும். பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி, கிளாஸ்கோ 12 அல்லது அதற்குக் கீழே இருப்பவருக்கு, ஸ்கேனுக்கு முன்பே, அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் 2 கிராமை ஒரே தடவையில் கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் அளவில் கொஞ்சம் வேறுபடும்.

ஆள் நினைவில்லாமல் கிடக்கும்போது உயிர் காக்கும் சிகிச்சைக்குக் கையெழுத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். மண்டையைத் திறக்கும் அறுவைக்குக் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், ஆகவே போனை அணைத்து வைக்காதீர்கள்.

எங்க அப்பாவுக்கு மட்டும் ஏன் போடல? பக்கத்துக் கட்டில்ல போட்டாங்களே?

பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அல்லது கிளாஸ்கோ 15 இருந்து ஸ்கேனில் ரத்தமே இல்லாமல் இருந்திருக்கும். அல்லது காலிலோ நுரையீரலிலோ இப்போதே ரத்தக் கட்டி இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். அடிபட்டு விழுந்தாரா, உள்ளே நாளம் வெடித்து மயங்கி விழுந்தாரா என்ற சந்தேகமும் உண்டு. இரண்டாவது என்றால் கணக்கே வேறு.

கீழே விழாம தானா வர்ற மூளை ரத்தக்கசிவுக்கும் இதே ஊசிதானா?

கொடுத்துப் பார்த்தார்கள். அடிபடாமல் தானாக வரும் மூளைக் கசிவில் 2,325 பேரிடம் நடந்த டிச்-2 ஆய்வு 2018இல் வந்தது. மூன்று மாதம் கழித்து அவர்கள் நடமாட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நாளப் புடைப்பு வெடித்த கசிவில் நடந்த பெரிய ஆய்விலும் பலன் கிடைக்கவில்லை. விபத்துக்கு உதவுவது எல்லாக் கசிவுக்கும் உதவும் என்று இல்லை.

அப்பாவுக்கு நெஞ்சில ஸ்டென்ட் வெச்சிருக்கு. இந்த ஊசியால ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வராதா?

கிராஷ்-3இல் மாரடைப்பு, பக்கவாதம், கால் நாளக் கட்டி, நுரையீரல் கட்டி எல்லாம் சேர்த்து எண்ணினார்கள். இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். குடல் ரத்தப்போக்குக்காக 24 மணி நேரம் கூடுதல் அளவில் கொடுத்த ஹால்ட்-இட் ஆய்வில் (2020, 12,009 பேர்) பலனும் இல்லை, நாளக் கட்டிகளும் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. அளவும் நேரமும் கூடினால் ஆபத்தும் கூடும். தலைக்காயத்துக்கு எட்டு மணி நேரத்தோடு நிறுத்துவதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்டென்ட் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால் ஊசியைத் தவிர்த்துவிடுவார்களோ என்று மறைத்தவர்களும் இருக்கிறார்கள்.

பாட்டி ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறாங்க. இந்த ஊசி போட்டா அது முறிஞ்சிடுமா?

முறியாது. வார்ஃபரின் உறைவு உருவாவதையே தடுக்கிறது. டிரானெக்ஸாமிக் உருவான உறைவைத்தான் காக்கும், உருவாகாத ஒன்றை எப்படிக் காப்பது? வார்ஃபரினை முறிக்க வைட்டமின் கேயும் உறைவுக் காரணிகள் அடங்கிய ஊசியும் தனியாக உண்டு. டாபிகாட்ரான் என்றால் அதற்கென்றே வேறு மாற்று மருந்து. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்றால் அணுகுமுறை இன்னொன்று.

அதனால் "வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்" என்பது எங்களுக்கு உதவாது. வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் பதிவுப் புத்தகத்தையோ மாத்திரைப் பையையோ அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். இவர்கள் லேசாக முட்டிக்கொண்டாலும், நன்றாகப் பேசினாலும், அவசரப் பிரிவுக்கு வரத்தான் வேண்டும்.

வலிப்பு வரும்னு படிச்சேன். உண்மையா?

அளவு அதிகமானால் வரலாம். இதய அறுவையில் பெரிய அளவில் கொடுத்தபோது கவனித்த விஷயம் இது. கிராஷ்-3இல் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. தலையில் அடிபட்டதே வலிப்புக்குப் போதுமான காரணம் என்பதால், வந்தால் எதனால் வந்தது என்று கட்டில் பக்கத்தில் நின்று பிரித்துச் சொல்லவும் முடியாது. சிறுநீரகம் கெட்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, தேங்கினால் வலிப்புக்கு வழி. அவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள். நம்மில் டயாலிசிஸ் போகிறவர் இல்லாத குடும்பத்தைத் தேடவேண்டியிருக்கிறது, ஆகவே இதையும் வாசலிலேயே சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைக்கும் போடலாமா?

போடலாம், எடைக்கு ஏற்ற அளவில். ஆனால் கிராஷ்-3 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு, அதனால் பிள்ளைகள் விஷயத்தில் குழந்தை மருத்துவர் யோசித்துத்தான் போடுவார்.

அக்கா முகத்துல கருப்பு மாறுறதுக்கு இதே பேர்ல மாத்திரை சாப்பிடுறா. வீட்ல இருக்கே, வர்ற வழியில ரெண்டு கொடுத்திடலாமா?

வேண்டாம். மருந்து ஒன்றுதான், மங்குக்கும் மாதவிடாய்க்கும் கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரை ரத்தத்தில் ஏற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதற்குள் நேரம் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், நினைவு தடுமாறும் ஆளின் வாயில் மாத்திரையும் தண்ணீரும் போனால் மூச்சுக்குழாயில் இறங்கும். மைலோவும் வேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம். அறுவை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதும் நல்லது.

அப்போ ஆம்புலன்ஸ்லேயே போட்டா இன்னும் நல்லதுதானே?

கணக்குப்படி அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 966 பேரிடம் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. உள்ளே ரத்தக்கசிவு உறுதியானவர்களில், ஒரே தடவையில் 2 கிராம் வாங்கியவர்களிடம் இறப்பு குறைவாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஊசி இருக்கிறதோ இல்லையோ, 999 கூப்பிடுங்கள். தெரிந்தவர் காரின் பின்சீட்டில் மடக்கிப் போட்டுக்கொண்டு வந்தால் கழுத்தெலும்பு என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்கே பயமாக இருக்கும். ஆம்புலன்சில் வரும் மருத்துவ உதவியாளர் ஆக்சிஜனையும் ரத்த அழுத்தத்தையும் விழவிடாமல் பிடித்துக்கொண்டு வருவார். என் கருத்தில் அடிபட்ட மூளைக்கு அந்த இரண்டும் இந்த ஊசியைவிடப் பெரியவை.

ஊசி போட்டாச்சு, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?

இரண்டாவது கேள்வியிலேயே இதற்குப் பாதிப் பதில் இருக்கிறது. வளராமல் தடுப்பது ஊசி, இருப்பதை எடுப்பது கத்தி. கட்டி பெரிதாகி மூளையை ஒரு பக்கம் தள்ளிவிட்டால் திறந்துதான் ஆக வேண்டும். கோலாலம்பூர் ஜிஎச்சிலும் பினாங்கு ஜிஎச்சிலும் மூளை அறுவைப் பிரிவு உண்டு. வேறு ஊரிலிருந்து அங்கே மாற்றுகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

உயிர் பிழைச்சாலும் படுத்த படுக்கையா ஆகிடுவாரோ? அப்படின்னா ஊசி எதுக்கு?

இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்பார்கள், பெரும்பாலும் மனைவியோ மூத்த மகனோ. மழுப்பாமல் சொல்கிறேன். கிராஷ்-3இல் பிழைத்தவர்களின் உடல் நிலை இரண்டு தரப்பிலும் ஒத்தே இருந்தது, ஊசியால் முடங்கியவர்கள் கூடவில்லை. ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனியில் பலத்த காயம் பட்ட 1,310 பேரிடம் நடந்து 2023இல் வந்த பேட்ச் ஆய்வில் வேறு மாதிரி. 28 நாளில் இறந்தவர்கள் 21.8 விழுக்காட்டிலிருந்து 17.3க்குக் குறைந்தார்கள். ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களோ இரு தரப்பிலும் 53 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். அதாவது கூடுதலாகப் பிழைத்தவர்களில் பலர் மற்றவர் துணையோடுதான் வாழ்ந்தார்கள்.

ஆனாலும் முதல் மணி நேரத்தில் யார் எழுந்து நடப்பார், யார் நடக்கமாட்டார் என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்த நேரத்தில் ஊசியை நிறுத்தி வைக்க நான் சொல்லமாட்டேன். எதுவரை சிகிச்சையைத் தொடர்வது என்ற பேச்சுக்கு ஐசியுவில் பிறகு இடமும் நேரமும் கிடைக்கும். அப்போது நிபுணரிடம் இதே கேள்வியை நேராகக் கேளுங்கள். கேட்பதால் உங்களைக் கல்மனசுக்காரர் என்று யாரும் நினைப்பதில்லை.

தம்பிக்கு ஸ்கேன் கிளியர்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஊசி போடல. கேட்டு வாங்கியிருக்கணுமா?

தேவையில்லை. கசிவே இல்லாத இடத்தில் காக்க எதுவும் இல்லை. லேசாக அடிபட்ட 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசையில் போட்டுப் பார்க்கும் கிராஷ்-4 ஆய்வைப் பிரிட்டனில் தொடங்கினார்கள், ஆனால் அது உங்கள் தம்பி வயதுக்காரர்களுக்கு அல்ல.

வீட்டில் பார்க்க வேண்டியது: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், குழறும் பேச்சு, ஒரு பக்கக் கைகால் சோர்வு, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகல். இதில் ஒன்று வந்தாலும் கிளினிக்குக்குப் போகாமல் நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள். தூங்கவே விடக்கூடாது என்று இரவு முழுக்கக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். தூங்கட்டும், மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பெயரைக் கேட்டால் போதும். வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்கலாம். போன்ஸ்டான் (மெஃபனாமிக் அமிலம்) என்ற வலி மாத்திரையும் ஆஸ்பிரினும் வேண்டாம், அவை ரத்தம் உறைவதைக் கெடுக்கும்.